வீட்டுக் கதவோடு நாயாற்றுக்கு

என் வயதொத்தவர்களே, உங்களில் எவராவது குடியிருக்கும் வீட்டின் வாசற்கதவைக் கழற்றி வாகனத்தில் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் பயணம் போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள். உங்கள் தகப்பன்மாருக்குப் புத்தி இருந்தது. என் அப்பாவுக்குப் புத்தி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. இப்போது பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து, கட்டிலும் அடுப்பும் வைத்த வான்களின் படங்களை அனுப்பி, "பாருங்கோ, வீடே ஓடுது" என்கிறார்கள். நான் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சிரிக்கிறேன். எங்கள் வீடு ஓடி அறுபது வருடத்துக்கு மேலாகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னியில் உள்ள முரசுமோட்டைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குளத்துத் தண்ணீர் பாயும் வயல் மூன்று ஏக்கர், அதோடு ஒரு மேட்டுக்காணி, அதில் அரசாங்கம் கட்டித் தந்த இரண்டறை வீடு. எல்லாவற்றுக்கும் ஒரேயொரு நிபந்தனை: காணிக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போனால் காணி பறிபோகும். காணி கொடுக்கும் அரசாங்க அலுவலகமான காணிக்கந்தோரில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் ஊரில் கலியாணம் என்று போய் இரண்டு மாதம் தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது அவருடைய கிணற்றில் வேறொருவர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

காணி போனால் நாங்கள் எங்கே போவோம் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. மாமாமாரின் வாசலுக்குத்தான். நாங்கள் வன்னிக்குப் புறப்பட்ட அன்று பெரியமாமா அம்மாவிடம், "மூண்டு மாசம் தாக்குப்பிடிக்கமாட்டாய். பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு இஞ்சைதான் வந்து நிப்பாய்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அம்மா மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதற்காக அம்மாவுக்கு வன்னி பிடித்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். "இந்தக் காட்டிலை மனிசர் இருப்பினமோ" என்று ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்லுவார்.

அந்த வருடம் காலபோக நெல் அறுவடை முடிகிற நேரம் அம்மாவைக் காய்ச்சல் பிடித்தது. விட்டு விட்டு வந்தது. காய்ச்சலுக்கு விழுங்கிய கொயினாக் குளிசையில் அவருக்குக் காதடைத்துப்போய், நாங்கள் எதையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மருந்து கொடுத்த அப்போதிக்கரி அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "மருந்து இனிப் போதும். கடற்காத்துப் படவேணும். ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் கடலோரம் கொண்டுபோய் வைச்சிரும்" என்றார். தங்குமிடம் எடுத்துத் தங்க எங்களிடம் ஏது வசதி? மாமாமாரின் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை.

இயந்திரம் என்றால் அப்பாவுக்கு உயிர். நெல் ஆலைக்காரர் ஒரு பழைய பிக்கப்பை வேலியோரமாக விட்டிருந்தார். அதற்குள் கோழிகள்தான் அடைந்தன. ஆலையின் இயந்திரத்தைத் திருத்திக் கொடுத்த கூலிக்கு அப்பா அந்தப் பிக்கப்பை வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து அதை உறுமப் பண்ணினார். பிறகு அதன் முதுகில் ஒரு வீடு கட்டப் போவதாக அறிவித்தார். ஆட்களை ஏற்றுகிற தட்டிவானுக்கு மரத்தால் உடம்பு அடிக்கிறார்களே, அதைப் போல.

பலகை வாங்க வழியில்லை. அப்பா எங்கள் வீட்டை ஒருதரம் சுற்றி நடந்தார். மறுநாள் குசினிக் கூரையின் தகரங்கள் இறங்கின. அதற்கடுத்த நாள் இரண்டு யன்னல்கள். கட்டிற் பலகை போனது. கடைசியில் அவருடைய கண் வாசற்கதவில் விழுந்தது. நல்ல பாலைமரக் கதவு அது. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இஞ்சருங்கோ, கதவையும் கழட்டினால் வீடு என்னமாதிரிக் கிடக்கும்? கந்தோர் ஐயா வந்து பாத்தால் என்ன நினைப்பார்?"

"அந்தாள் விதைப்புக்கு முதல் இந்தப் பக்கம் எட்டியும் பாக்காதப்பா. வந்த உடனை திருப்பிப் பூட்டிவிடுறன்."

"கள்ளன் வந்தால்?"

"வந்து எதை எடுக்கிறது? எல்லாம் பிக்கப்பிலை எங்களோடையெல்லோ வருது!"

கதவு பிக்கப்பை விட உயரமாக இருந்ததால் அதைக் கிடையாக வைத்துப் பின்பக்கம் பூட்டினார். கதவு மடங்கும் பிணைச்சல் கீழே. திறந்து விழுத்தினால் அதுவே மேசை. அதில்தான் சோறு, அதில்தான் அம்மாவின் மருந்துப் போத்தல். கட்டிற் பலகைக்குக் கீழே அரிசி மூட்டை, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மா, தேங்காய், மண்சட்டிகள், தண்ணீர்க் குடம். மேலே நாங்கள் நாலு பேர் நெத்தலி அடுக்கினதுபோலப் படுக்கலாம். உள்ளே கோழி எச்சமும் பெற்றோலும் பாலைமரமும் கலந்த ஒரு மணம். இந்த வயதிலும் எங்காவது பெற்றோல் மணம் வந்தால் எனக்கு உடனே பசிக்கிறது.

முரசுமோட்டையிலிருந்து, முல்லைத்தீவுக்கு அங்கால் கடலோரம் இருக்கும் நாயாற்றுக்கு நாற்பது மைலும் சொச்சமும். அதைப் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. தகரக் கூரை போட்ட சத்தத்தில் அம்மாவின் காதடைப்பு நல்லதாகப் போயிற்று. விசுவமடுவுக்கு அங்கால் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்பா மட்டும் விமானம் ஓட்டுகிறவர்போல நிமிர்ந்து இருந்தார்.

புதுக்குடியிருப்புச் சந்தையடியில் நிறுத்தினோம். ஐந்து நிமிடத்தில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மருந்து வியாபாரியோ என்று கேட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண், பல்லுப் பிடுங்குவீர்களா என்று கேட்டார்.

"ஒண்டும் விக்கேல்லை, ஒண்டும் பிடுங்கேல்லை. நாங்கள் இதுக்குள்ளை இருக்கிறம்" என்றார் அப்பா.

"இதுக்குள்ளையோ? ஐயோ பாவங்கள், குந்த ஒரு நிலம் இல்லையாக்கும்" என்று அந்தப் பெண் கண்கலங்கி, தன் கடகத்திலிருந்த பூசணிக்காய் ஒன்றை எங்கள் கதவு மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். அந்தப் பூசணிக்காயை நாலு நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

நாயாற்றில் மீன்பிடிப் பருவம் தொடங்கியிருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, இருபது ஆட்களோடு, அங்கே ஓலைக் குடிசையான வாடி போட்டுக் கரைவலை இழுத்தது. வாடிக்காரரின் மனைவி முதல் நாளே ஒரு ஓலைப்பெட்டி நிறைய இறால் கொண்டுவந்தார். அம்மா வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார். உண்மை அதுவல்ல, அந்தக் காலத்து எங்கள் ஆட்களின் சாதிப் பெருமை உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்கள் வீட்டில் அம்மா கை நனைக்க மாட்டார். நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. வாடிக்காரரின் மனைவிக்கு அது விளங்கியும் இருக்கும். ஆனாலும் அடுத்த நாள் நண்டோடு வந்தார், அதற்கடுத்த நாள் திருக்கையோடு வந்தார். நாலாம் நாள் வெறுங்கையோடு வந்து, "தங்கச்சி, உங்களிட்டை ஒடியல்மா இருக்காமே. எங்கட ஆக்கள் கூழுக்கு ஆலாய்ப் பறக்கினம்" என்றார். மா எங்களுடையது, மீன் அவர்களுடையது, சட்டி அவர்களுடையது, புளி எங்களுடையது. யாருடைய கூழ் என்று பிரிக்க முடியாதபடி அது கொதித்தது. அம்மா மூன்று சிரட்டை குடித்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் ஊறியது. காலையில் கடலில் முழுகுவார். பின்னேரம் வாடியில் செபம் சொல்லும்போது தள்ளி இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். பத்து நாள் பன்னிரண்டாகியது. பன்னிரண்டு நாள் பதினாலாகியது. அப்பா திரும்புகிற கதையையே எடுக்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

பதினைந்தாம் நாள் முல்லைத்தீவு பஸ்ஸின் கொண்டக்டர் ஒரு சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவருடைய சட்டைப் பையில் எங்கள் பக்கத்துக் காணிக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் வியர்வையில் ஊறி இருந்தது. எட்டு நாளாக முல்லைத்தீவுக் கரையில் வீடு ஏற்றின பிக்கப்பைத் தேடினாராம். நாங்கள் நாயாற்றில் நிற்பது அன்று காலைதான் அவருக்குத் தெரிந்ததாம். அப்பா கடிதத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்தினார். அம்மா அதைப் பறித்து மிச்சத்தை வாசித்தார்.

கந்தோர் ஐயா வந்திருந்தார். கதவும் யன்னலும் குசினிக் கூரையும் இல்லாத வீட்டைப் பார்த்து, 'குடும்பம் காணியைக் கைவிட்டுப் போய்விட்டது' என்று எழுதிவிட்டார். நாளைக்குப் பியோன் வந்து நோட்டீஸ் ஒட்டுவார். ஒட்டி ஏழு நாளுக்குள் குடும்பத்தோடு கந்தோருக்கு வராவிட்டால் காணி அடுத்த ஆளுக்குப் போகும்.

அம்மா விரலை மடக்கி எண்ணினார். எட்டு நாளுக்கு முந்தைய கடிதம். அடுத்த நாளே ஒட்டியிருந்தால் இன்றோடு ஏழு நாள் முடிகிறது.

அம்மா அப்பாவை ஏசவில்லை. "பெரியண்ணை வாசல்லை நிண்டு சிரிக்கப் போறார்" என்று மட்டும் சொன்னார்.

அவசரத்தில் அப்பா பிக்கப்பை எடுத்த எடுப்பில் பின்சக்கரம் இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டன. வாடிக்காரர் கரைவலைக் கயிற்றைக் கொண்டுவந்து முன்பக்கத்தில் கட்டினார். வலை இழுக்கிற இருபது பேரும் இரண்டு வரிசையாக நின்று, வலை இழுக்கிற அதே பாட்டுக்கு அதே காலடி வைத்து, எங்களைக் கரையேற்றினார்கள். வாடிக்காரரின் மனைவி ஒரு பொட்டலம் கருவாட்டை என் மடியில் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தார்.

"மாதா கைவிடமாட்டா, தங்கச்சி. காணி போனாலும் யோசியாதேங்கோ, இஞ்சை வந்திருங்கோ. வாடிக்குப் பக்கத்திலை இன்னொரு வாடி போட எவ்வளவு நேரம்?"

அம்மா முதன்முதலாக அப்போதுதான் அழுதார்.

வழியெல்லாம் பிக்கப் கொதித்தது. கிணறு கண்ட இடமெல்லாம் நின்று தண்ணீர் ஊற்றினோம். அடுத்த நாள் மத்தியானம் வீட்டடிக்கு வந்தபோது, வாசல் பல்லுப் போன வாய் போலத் திறந்து கிடந்தது. உள்ளே யாருடையதோ இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. வேறு எவரும் வந்து குடியேறவில்லை. அப்பா நோட்டீஸைத் தேடினார். சுவரில் இல்லை, தூணில் இல்லை, கிணற்றுக்கட்டில் இல்லை. "காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது போலை" என்றார். அம்மா பெட்டியிலிருந்து காணி உத்தரவுப் பத்திரத்தை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இறங்கிய நாங்கள் திரும்ப ஏறி நேரே கந்தோருக்குப் போனோம்.

கந்தோர் ஐயா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இப்பதான் காணி நினைவு வந்ததோ உமக்கு? அரசாங்க வீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிற ஆக்களுக்குக் காணி என்னத்துக்கு? காத்திருக்கிறவன் எத்தினை பேர் தெரியுமோ?"

அம்மா தலைப்பை அவிழ்த்துப் பத்திரத்தை மேசையில் வைத்தார்.

"ஐயா, நாங்கள் ஓடேல்லை. அந்த மண்ணிலை மூண்டு வருசம் காய்ச்சலோடை கிடந்து பாடுபட்டனாங்கள். நான் சாகாமலிருக்கத்தான் இந்த மனிசன் வீட்டைக் கழட்டினது. அது எங்கட வீடு. கழட்டினாலும் எங்கட வீடுதான்."

இந்தக் காட்டில் மனிசர் இருப்பார்களோ என்று கேட்ட அம்மா! அப்பா அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"நோட்டீஸ் ஒட்டின நாளிலையிருந்து ஏழு நாள். அது முடிஞ்சுது" என்றார் கந்தோர் ஐயா. பிறகு சத்தமாகப் பியோனைக் கூப்பிட்டார். "எண்டைக்கு ஒட்டினனீ?"

பியோன் மெலிந்த, நெடிய மனிதர். கையில் கோதுமைமாப் பசை வைத்த சிரட்டை. அவர் தோள்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து மெதுவாக விரித்தார். நோட்டீஸ்!

"ஒட்டேல்லை, ஐயா."

"என்ன?"

"'வாசற்கதவில் ஒட்டவும்' எண்டு ஐயா எழுதித் தந்தனீங்கள். மூண்டு தரம் போனனான், ஐயா. கதவு இல்லை."

"சுவர் இல்லையோடா? தூண் இல்லையோ?"

"கதவிலை எண்டுதான் எழுதியிருக்கு, ஐயா."

கந்தோர் ஐயா நெற்றியில் அடித்துக்கொண்டார். மடையன் என்றார், மாட்டுப் பிறவி என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். பியோன் பசைச் சிரட்டையோடு குனிந்து நின்றார். கடைசியில் கந்தோர் ஐயா எழுந்து வெளியே வந்தார். பிக்கப்பின் பின்னால் எங்கள் கதவு கிடையாகக் கிடந்தது. தம்பி அதில் சம்மாணம் கட்டியிருந்து கருவாடு தின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்த அவருக்குச் சிரிப்பில் வாய் ஓரம் துடித்தது.

"ஒட்டாத நோட்டீஸ் நோட்டீஸ் இல்லை" என்றார். "நாளைக்குப் பின்னேரம் நானே வந்து பாப்பன். கதவு நிக்கிற இடத்திலை நிக்கவேணும். போங்கோ."

அப்பாடா! அந்த மூச்சை எப்படிச் சொல்வேன்? திரும்பும் வழியில் பிக்கப் ஒரு தடவையும் கொதிக்கவில்லை என்றுதான் எனக்கு நினைவு. அது பொய்யாகவும் இருக்கலாம். அப்பா ஆணி ஆணியாகப் பிடுங்கி, கதவை நிமிர்த்திப் பூட்டினார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

பியோன் எங்கள் குடும்பத்தின் பெரிய பகிடியாகிப்போனார். பொங்கலோ கலியாணமோ, நாலு பேர் கூடினால் அப்பா எழுந்து நின்று பியோனைப்போல் குனிந்து, "கதவு இல்லை, ஐயா" என்பார். வீடு அதிரும். அவர் சைக்கிளில் எங்கள் ஒழுங்கையால் போனால், "இப்ப கதவு இருக்கு, வந்து ஒட்டுங்கோவன்!" என்று அப்பா கத்துவார். அவர் சிரித்துவிட்டுப் போவார். நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

படித்து முடித்து அதே கந்தோருக்கு நான் எழுதுவினைஞராகப் போனேன். பியோன் வேலையிலிருந்து இளைப்பாறிப் போய்விட்டிருந்தார். ஒரு நாள் கறையான் பிடித்த பழைய காணிப் பத்திரக் கோவைகளைப் பிரித்துவைக்கச் சொன்னார்கள். அதில் எங்கள் காணியின் இலக்கம் கண்ணில் பட்டது. 'கைவிடப்பட்டது' என்று எழுதி வெட்டியிருந்தது. அதன் கீழே, அந்தக் காணி அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் ஒரு பெயர். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'இக்கந்தோர்ப் பியோன், காணியற்றவர்' என்று இருந்தது.

அந்த நாட்களில் அவர் பசையும் கடதாசியுமாக மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். ஒரு சுவரில் அதைத் தடவியிருந்தால் எங்கள் மூன்று ஏக்கரும் அவருக்கு. நான் மற்றக் கோவைகளையெல்லாம் இழுத்துப்போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். இரண்டு வருடம் தள்ளி, வேறொரு வாய்க்காலில், கடைசிக் காணிக்கு நேரே அவருடைய பெயர் இருந்தது. கிடைத்திருக்கிறது!

அந்தக் கிழமைக்குள்ளேயே அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நெல் காய்ந்தது. சாய்மனைக் கதிரையில் இருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "கதவுக்காரரின்ரை மகளெல்லோ?" என்றார். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"அடுத்தது உங்கட பேர்தான் எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"பிறகேன் ஒட்டேல்லை?"

அவருடையது பெரிய காரியம் ஒன்றைச் சொல்கிற முகமாக இல்லை.

"முதல் தரம் ஒட்டத்தான் வந்தனான், பிள்ளை. கதவில்லையே எண்டு குசினிப் பக்கம் போனன். கூரையும் இல்லை. ஆனால் உங்கட அம்மா அடுப்பைச் சாணியாலை மெழுகி, பக்கத்திலை ஒரு நேரச் சமையலுக்கு விறகு முறிச்சு அடுக்கி, பனி படாமல் ஓலையாலை மூடி வைச்சிருந்தவா. களைச்சு வந்து இறங்கிறவைக்கு உடனை உலை வைக்க. விட்டிட்டுப் போறவை அப்பிடிச் செய்வினமோ?" காலடிக்கு வந்த கோழியை அவர் கையால் விரட்டினார். "அந்தக் காணி எனக்கு வந்திருந்தால், முதல் நாள் நான் அந்த விறகையெல்லோ எரிச்சிருக்கவேணும்."